டிவிடி பாடங்களை மாற்றும்போது: எத்தனை பிக்சல் போதும்?

2022-ஆம் ஆண்டு எங்கள் பள்ளியில் நடந்த ஒரு சிறிய நிகழ்விலிருந்து தொடங்குகிறேன்.

பள்ளிக்கு 43 அங்குல டிவி ஒன்று வந்து சேர்ந்திருந்த நேரம் அது. அறிவியல் ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றிருந்ததால், கணக்கு ஆசிரியையான நான் பத்தாம் வகுப்பில் அந்தப் பாடவேளையை எடுத்துக்கொண்டேன். ஒளியியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. உடனே எனக்கு எங்கள் 'அறிவியல் சார்' நினைவுக்கு வந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதே ஊரில் அறிவியல் நடத்தியவர். கரும்பலகையில் அவர் குவிலென்சு வரைந்தால் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் இருக்கும். 2008-இல் அவர் நடத்திய 18 பாடங்களை உள்ளூர் வீடியோ கடைக்காரர் கேமராவில் பிடித்து டிவிடிகளாகப் போட்டுக் கொடுத்திருந்தார். சார் இன்று நம்மிடையே இல்லை. ஆனால் அந்தப் பாடங்கள் என் பென்டிரைவில் இருந்தன.

பெருமையோடு டிவியில் செருகினேன். சார் வந்தார், பேசினார், பலகையில் வரைந்தார். இரண்டு நிமிடம் கழித்து முதல் வரிசை மாணவி எழுந்தாள்.

"மிஸ், சார் பேசுறது நல்லா இருக்கு. ஆனா போர்டுல என்ன எழுதுறாருன்னே தெரியல மிஸ்."

உண்மைதான். கரும்பலகை சாம்பல் நிறத் திட்டாகத் தெரிந்தது. ஒளிக்கதிர்களின் அம்புக்குறிகளைக் காணவில்லை. எழுத்துகள் வெள்ளைப் புழுதியாகப் பரவிக் கிடந்தன. இதற்குக் காரணம் கேமராவோ டிவியோ இல்லை. 2010-இல் அந்த டிவிடிகளை மாற்றிய நான்தான் காரணம். அந்தப் பிழை எப்படி நேர்ந்தது, நீங்கள் அதைத் தவிர்ப்பது எப்படி என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நம் பள்ளிகளின் பீரோக்களில் இன்னும் டிவிடிகள் இருக்கின்றன. ஆண்டு விழா, அறிவியல் கண்காட்சி, மாதிரி வகுப்புகள், பயிற்சிகளில் தந்த பாடக் காட்சிகள் எனப் பலவும் அவற்றில் உள்ளன. புதிய மடிக்கணினிகளில் டிவிடி போடும் இடமே இருப்பதில்லை. ஆகவே செல்போன், டேப், டிவி ஆகியவற்றில் பார்க்கும் வடிவத்துக்கு அவற்றை மாற்றியாக வேண்டும். மாற்றும் மென்பொருள் நம்மிடம் கேட்கும் முக்கியக் கேள்வி ஒன்று உண்டு: படத்தின் அளவு, அதாவது ரெசல்யூஷன், எவ்வளவு?

நான் செய்த பிழை

2010-இல் என்னிடம் இருந்தது 2.4 அங்குலத் திரை கொண்ட சிறிய எம்பி4 பிளேயர். திரையில் அகலவாக்கில் 320, உயரவாக்கில் 240 பிக்சல்கள். மெமரி கார்டு 2 ஜிபி. திரை எவ்வளவோ படமும் அவ்வளவு இருந்தால் போதும் என்பது அன்று எல்லோரும் சொன்ன விதி. அந்தக் காலத்து வீடியோ ஐபாடின் திரையும் 320×240 தான். பிஎஸ்பி விளையாட்டுக் கருவியின் திரை 480×272. திரையில் இல்லாத பிக்சலுக்கு ஏன் இடத்தை வீணாக்க வேண்டும் என்று நினைத்தேன். 18 பாடங்களையும் 320×240-க்கு மாற்றினேன். ஒரு பாடம் சுமார் 100 எம்பி வந்தது. எல்லாம் ஒரே கார்டில் அடங்கிவிட்டன. பிளேயரில் போட்டுப் பார்த்தேன், கண்ணாடிபோல் தெளிவாகத் தெரிந்தது.

அந்தத் தெளிவுதான் என்னை ஏமாற்றியது. 2.4 அங்குலத் திரையின் உயரம் நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவு. அதில் 240 வரிகள் என்றால் ஒரு வரி சுமார் 0.15 மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய இடத்தில் எந்தப் படமும் கூர்மையாகத்தான் தெரியும். எழுத்து புரிகிறதா என்று நான் பார்க்கவில்லை. அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

பிறகு டிவிடிகளை வேறொரு பள்ளியில் கேட்டார்கள், கொடுத்தேன். "நம்மிடம்தான் காப்பி இருக்கிறதே" என்று திரும்பக் கேட்கவும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து விசாரித்தபோது அவை எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

டிவிடியில் இருப்பது எவ்வளவு?

இந்தியாவில் பயன்படும் பால் முறை டிவிடியில் ஒவ்வொரு படச்சட்டமும் 720×576 பிக்சல்கள் கொண்டது. நொடிக்கு 25 சட்டங்கள். அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளின் என்டிஎஸ்சி முறையில் 720×480. பழைய விசிடி என்றால் 352×288 மட்டுமே.

பெருக்கிப் பார்ப்போம்.

• டிவிடி, 720×576: 4,14,720 பிக்சல்கள்
• விசிடி, 352×288: 1,01,376 பிக்சல்கள்
• என் பழைய பிளேயர், 320×240: 76,800 பிக்சல்கள்
• முழு எச்டி, 1920×1080: 20,73,600 பிக்சல்கள்

என் மாற்றத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலாகத் தூக்கி எறிந்திருக்கிறேன். எறிந்ததைத் திரும்பப் பெற எந்த மென்பொருளாலும் முடியாது. பெரிதாக்கிக் காட்டும் மென்பொருள், பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து இடைவெளியை ஊகித்து நிரப்புகிறது. சார் எழுதியது 'ண'வா 'ன'வா என்று அதற்குத் தெரியாது.

தமிழ் எழுத்துக்கு இந்தச் சிக்கல் கூடுதலாக உண்டு. டிவிடியில் ஒரு எழுத்து 20 வரி உயரம் இருப்பதாகக் கொள்வோம். 576 வரிகள் 240 ஆகச் சுருங்கும்போது அந்த எழுத்து 8 வரிகளாகிவிடும். மூன்று சுழி ணகரத்துக்கும் இரண்டு சுழி னகரத்துக்கும் வேறுபாடு காட்ட 8 வரி போதாது. மெய்யெழுத்தின் புள்ளி டிவிடியில் 3 வரி உயரம் இருந்தால், சுருக்கியபின் ஒரு வரியைச் சற்றே தாண்டும். எழுத்தோடு ஒட்டி மங்கிவிடும், அல்லது மறைந்தேவிடும். சுண்ணாம்புக் கட்டியால் போட்ட மெல்லிய கோட்டுக்கும் அம்புக்குறிக்கும் இதே கதிதான்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 'முழு எச்டி டிவி வந்துவிட்டது, டிவிடியையும் 1920×1080-க்கு மாற்றுவோம்' என்று சிலர் செய்கிறார்கள். மேலே உள்ள கணக்கை மீண்டும் பாருங்கள். 4,14,720-ஐ ஐந்தால் பெருக்கினால் சரியாக 20,73,600. அதாவது ஒரு உண்மையான பிக்சலுக்கு நான்கு ஊகப் பிக்சல்கள். கோப்பு பெருக்கிறது, தகவல் கூடுவதில்லை. சிறிய படத்தைத் திரைக்கேற்ப விரித்துக் காட்டும் வேலையை டிவியே செய்துகொள்கிறது. அந்த வேலைக்கு நம் பென்டிரைவில் இடம் ஒதுக்கத் தேவையில்லை.

வட்டம் வட்டமாக இருக்கிறதா?

கணக்கு ஆசிரியையாக எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 720-ஐ 576-ஆல் வகுத்தால் 1.25. ஆனால் பழைய டிவியின் விகிதம் 4:3, அதாவது 1.33. இன்றைய அகலத் திரை 16:9, அதாவது 1.78. டிவிடியின் எண் இரண்டோடும் பொருந்தவில்லையே?

டிவிடியில் பிக்சல்கள் சதுரமானவை அல்ல. இரண்டு வகைப் படங்களும் அதே 720×576-க்குள்தான் அடைக்கப்படுகின்றன. காட்டும்போது எவ்வளவு விரிக்க வேண்டும் என்ற குறிப்பு தனியாக எழுதப்பட்டிருக்கும். டிவிடி பிளேயர் அதைப் படித்து 4:3 படத்தை 768×576 போலவும், 16:9 படத்தை 1024×576 போலவும் விரித்துக் காட்டும்.

நாம் மாற்றும்போது அந்தக் குறிப்பு தொலைந்தாலோ, பார்க்கும் கருவி அதைக் கண்டுகொள்ளாவிட்டாலோ ஆட்கள் ஒல்லியாகவும் நெட்டையாகவும் தெரிவார்கள். அதைச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் வடிவியல் பாடத்தில் வட்டம் முட்டை வடிவமாகும், சதுரம் செவ்வகமாகும். 16:9 படம் விரிக்கப்படாமல் 720×576 ஆகவே தெரிந்தால், 45 பாகைக் கோணம் ஏறத்தாழ 55 பாகையாகத் தோன்றும். கோணமானியைத் திரைமேல் வைத்துப் பார்க்கும் மாணவன் நம்மைக் கேள்வி கேட்பான். கேட்கவும் வேண்டும்.

இதற்கு எளிய வழி, மாற்றும்போதே பிக்சலைச் சதுரமாக்கிவிடுவது. 4:3 படத்துக்கு 768×576 என்றும், 16:9 படத்துக்கு 1024×576 என்றும் நேரடியாக அளவைக் கொடுத்துவிட்டால் எந்தக் கருவியிலும் வட்டம் வட்டமாகவே இருக்கும். இந்த எண்கள் எல்லாம் 16-ஆல் மீதியின்றி வகுபடும். இன்று பரவலாக உள்ள எச்.264 முறை படத்தை 16×16 கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் அது ஒரு வசதி.

சீப்புப் பல் கோடுகள்

டிவிடியை மாற்றிப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஆசிரியர் கையை வீசும்போது, கையின் ஓரத்தில் சீப்பின் பற்கள்போல் படுக்கைக் கோடுகள் தெரியும். அது வட்டு கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல. அக்காலக் கேமராக்கள் ஒரு சட்டத்தை ஒரே நேரத்தில் பிடிக்கவில்லை. ஒற்றைப்படை வரிகளை ஒருமுறையும், இரட்டைப்படை வரிகளை ஐம்பதில் ஒரு நொடி தள்ளி மறுமுறையும் பிடித்தன. அதற்குள் கை நகர்ந்துவிடுகிறது. பழைய குழாய் டிவி அதே வரிசையில் காட்டியதால் கண்ணுக்குத் தெரியவில்லை. கணினியும் செல்போனும் இரண்டையும் ஒன்றாக வைத்துக் காட்டுவதால் பல் தெரிகிறது.

மாற்றும் மென்பொருளில் இதற்கென டிஇன்டர்லேஸ் என்ற வசதி உண்டு. அதைப் போட்டுவிடுங்கள். இந்தக் கோடுகளோடு படத்தின் உயரத்தை 480, 400 என்று மாற்றினால் பற்கள் ஒன்றோடொன்று கலந்து, பிறகு எடுக்கவே முடியாத நெளிவாகப் படிந்துவிடும். ஆகவே முதலில் கோடுகளை நீக்க வேண்டும், பிறகுதான் அளவைக் குறைக்க வேண்டும்.

எந்தத் திரைக்கு எந்த அளவு?

கண்ணைப் பற்றி ஒரு செய்தி. நல்ல பார்வை உள்ளவரின் கண் பிரித்தறியும் மிகச்சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 6 மீட்டர் தூரத்தில் அது சுமார் 1.75 மில்லிமீட்டர். கண் மருத்துவரின் எழுத்துப் பலகையில் 6/6 வரியில் உள்ள எழுத்தின் உயரம் இதைப்போல ஐந்து மடங்கு, கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர்.

இதை நம் வகுப்பறையில் பொருத்துவோம். 43 அங்குல டிவியின் உயரம் சுமார் 53 சென்டிமீட்டர். அதில் 576 வரிகள் என்றால் ஒரு வரி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 6 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் கடைசி வரிசை மாணவனின் கண்ணுக்கு இது தனித்தனி வரியாகத் தெரியாது. அவனுக்கு 576 போதும். 2 மீட்டரில் இருக்கும் முதல் வரிசை மாணவி சற்று மங்கலை உணர்வாள், ஆனால் படிக்க முடியும். அதே டிவியில் 240 வரிகள் என்றால் ஒரு வரி 2 மில்லிமீட்டருக்கும் மேல். கடைசி வரிசைக்கே மங்கல் தெரியும். முதல் வரிசை மாணவிக்கு ஒன்றுமே புரியாது. அன்று எழுந்து கேட்டவள் முதல் வரிசை மாணவி என்பதன் காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முடிவுகள் இவை.

1. டிவி, திறன்மிகு வகுப்பறைத் திரை, மடிக்கணினி, டேப் ஆகியவற்றுக்கும், எதிர்காலத்துக்கென எடுத்துவைக்கும் பிரதிக்கும் டிவிடியின் முழு அளவு. 4:3 என்றால் 768×576, 16:9 என்றால் 1024×576.

2. செல்போனுக்கும் இதே கோப்பு போதும். இன்றைய சாதாரண செல்போனின் திரையில் உள்ள பிக்சல்கள் டிவிடியில் உள்ளதைவிட அதிகம்.

3. பழைய செல்போன், சிறிய பிளேயர், மிகக் குறைந்த இடம் என்ற கட்டாயம் இருந்தால் மட்டும் சரிபாதி: 384×288 அல்லது 512×288. இரண்டு வரிக்கு ஒரு வரி என்று சீராகக் குறைவதால் படம் ஓரளவு நன்றாக வரும். முகமும் பேச்சும் உள்ள காட்சிக்கு இது போதும். எழுத்தும் வரைபடமும் உள்ள பாடத்துக்கு வேண்டாம்.

4. விசிடியாக இருந்தால் உள்ளதே 352×288 தான். அதைப் பெரிதாக்கிச் சேமிக்க வேண்டாம்.

காட்சியில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கும்மி நடனக் காட்சி சற்று மங்கினாலும் ரசிக்கலாம். வரைபடத்தில் ஆற்றின் பெயர் மங்கினால் பாடமே போய்விடும். கேட்கும் திறன் குறைந்த மாணவர்கள் உள்ள வகுப்பில் இன்னும் கவனம் தேவை. பேசுபவரின் உதட்டசைவையும் விரல்களையும் பார்த்தே அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். முழு உருவமும் தெரியும் காட்சியைச் சுருக்கினால் உதடு சில பிக்சல்களாகிவிடும். நமக்கு ஒலி இருப்பதால் அந்தக் குறை தெரியாது. அவர்களுக்கு அதுதான் முழுப் பாடமும்.

கோப்பின் எடை

பிக்சல் எண்ணிக்கை கூடினால் கோப்பும் அதே அளவு கூடும் என்று நினைக்கிறோம். கோப்பின் எடையை நேரடியாகத் தீர்மானிப்பது பிட்ரேட், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை பிட் செலவிடுகிறோம் என்பது. எட்டாம் வகுப்பு மாணவரும் போடக்கூடிய கணக்குதான்.

படத்துக்கு நொடிக்கு 1,500 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு நிமிடத்துக்கு 1,500 × 60 = 90,000 கிலோபிட். எட்டால் வகுத்தால் 11,250 கிலோபைட், அதாவது 11.25 எம்பி. 40 நிமிடப் பாடத்துக்கு 450 எம்பி. ஒலிக்கு நொடிக்கு 128 கிலோபிட் என்றால் 40 நிமிடத்துக்குச் சுமார் 38 எம்பி. மொத்தம் 490 எம்பிக்கு உள்ளேயே முடிகிறது. இப்படிப் 18 பாடங்களைச் சேர்த்தாலும் 9 ஜிபியைத் தாண்டாது. 2010-இல் என் 2 ஜிபி கார்டுக்கு இது பெரும் சுமை. இன்று 32 ஜிபி பென்டிரைவில் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாது.

பிக்சலை அதிகமாக வைத்துவிட்டுப் பிட்ரேட்டில் கஞ்சத்தனம் செய்தாலும் பயனில்லை. 768×576 என்று வைத்து 300 கிலோபிட் மட்டும் கொடுத்தால் படம் சதுரம் சதுரமாக உடையும். பலகை முன் நின்று பேசும் அசைவு குறைந்த பாடத்துக்கு 1,000 முதல் 1,500 வரை, விளையாட்டு விழா போன்ற அசைவு மிகுந்த காட்சிக்கு 2,000-க்கு மேல் என்பது என் அனுபவ அளவு.

செய்முறை

நான் பயன்படுத்துவது ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள். படிகள் வருமாறு.

1. வட்டை மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம்.

2. வட்டில் உள்ள வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறையை அப்படியே கணினியில் நகலெடுங்கள். மாற்றும் வேலையை இந்த நகலிலிருந்து செய்யுங்கள். கீறல் விழுந்த வட்டைத் திரும்பத் திரும்பச் சுழற்ற வேண்டியிருக்காது. ஒரு கணினியில் படிக்காத வட்டு வேறொரு கணினியில் படிப்பதும் உண்டு. கைவிடும் முன் மாற்றிப் பாருங்கள்.

3. ஹேண்ட்பிரேக்கில் அந்தக் கோப்புறையைத் திறந்தால் டைட்டில் என்ற பட்டியல் வரும். அதிக நேரம் உள்ளதே பெரும்பாலும் நம் பாடம்.

4. முன்னமைவுப் பட்டியலில் 'ஃபாஸ்ட் 576பி25' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு வகை எம்பி4.

5. அளவுப் பகுதியில் அனமார்ஃபிக் என்பதை நிறுத்திவிட்டு, மேலே சொன்ன அகல உயரத்தைக் கொடுங்கள். ஓரங்களைத் தானாக வெட்டும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். கரும்பலகையின் கருமையை வெற்று ஓரமென்று நினைத்து அது வெட்டிவிடலாம்.

6. ஃபில்டர் பகுதியில் டிஇன்டர்லேஸ் வசதியை இயக்குங்கள்.

7. வீடியோ முறை எச்.264. எச்.265 இன்னும் சிறிய கோப்பைத் தரும், ஆனால் பழைய டிவிகளும் செல்போன்களும் அதைத் திறக்காமல் போகலாம். தரத்துக்கான ஆர்எஃப் எண்ணை 20 என வையுங்கள். இந்த எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். 18 முதல் 22 வரை டிவிடிக்கு ஏற்றது. இந்த முறையில் பிட்ரேட்டை மென்பொருளே காட்சிக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

முழுப் பாடத்தையும் மாற்றும் முன் ஒரு நிமிடம் மட்டும் மாற்றிப் பாருங்கள். அந்த ஒரு நிமிடத்தில் சிறிய எழுத்தும், கை அசைவும், ஒரு வட்டமும் இருக்கட்டும். உங்களிடம் உள்ள மிகப் பெரிய திரையில் போட்டு, ஒரு மாணவரை முதல் வரிசையிலும் ஒருவரைக் கடைசி வரிசையிலும் உட்காரவைத்துப் பலகையில் உள்ளதை வாசிக்கச் சொல்லுங்கள். "நல்லா தெரியுதா?" என்று கேட்டால் எல்லோரும் "தெரியுது மிஸ்" என்றுதான் சொல்வார்கள். வாசிக்கச் சொன்னால்தான் உண்மை வெளிவரும்.

சில எச்சரிக்கைகள்

மாற்றிய கோப்பை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மேலும் சுருக்கப்பட்டுவிடும். அளவு அனுமதித்தால் ஆவணமாக அனுப்புங்கள், இல்லையேல் பென்டிரைவில் கொடுங்கள்.

முழு வட்டையும் ஒரே கோப்பாக எடுத்தால் அது 4 ஜிபியைத் தாண்டலாம். எஃப்ஏடி32 முறையில் உள்ள பென்டிரைவ் அவ்வளவு பெரிய ஒற்றைக் கோப்பை ஏற்காது. வீடியோ_டிஎஸ் கோப்புறையாக எடுத்தால், உள்ளே கோப்புகள் ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்குள் இருப்பதால் சிக்கல் இல்லை.

நான் இங்கே சொல்வதெல்லாம் நம் பள்ளியில் நாமே எடுத்த காட்சிகளுக்கும், நமக்கெனத் தரப்பட்ட பாட வட்டுகளுக்கும் மட்டுமே. கடையில் விற்கும் திரைப்பட டிவிடிகளில் பூட்டு இருக்கும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம் அத்தகைய பூட்டுகளுக்குப் பாதுகாப்பு தருகிறது. அதில் நாம் கைவைக்க வேண்டாம். மாணவர்களின் முகம் தெரியும் காட்சிகளைப் பள்ளிக்கு வெளியே பகிர்வதற்கு முன் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் ஒப்புதல் பெறுவது முறை.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்றி முடித்ததும் வட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நாமே எழுதும் டிவிடிகளில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் சூடும் அதற்குப் பகை. ஜன்னலோர அலமாரியில் இல்லாமல் உறையில் இட்டு, செங்குத்தாக, நிழலில் வையுங்கள். வீடியோ_டிஎஸ் நகல் ஒன்றைப் பள்ளிக் கணினியிலும் மற்றொன்றை வேறோர் இடத்திலும் வைத்திருங்கள்.

கிடைத்த ஐந்து வட்டுகள்

அன்றைய வகுப்புக்குப் பின் அறிவியல் சார் வீட்டுக்குப் போனேன். நடந்ததை அவருடைய துணைவியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. "ஏம்மா, அவரு பீரோவுல துணிக்கு அடியில கொஞ்சம் சிடி கிடக்கு. உனக்கு உதவுமான்னு வந்து பாரு."

ஐந்து வட்டுகள் இருந்தன. வட்டுக்கு ஒரு பாடம். சார் தமக்கென எடுத்து வைத்திருந்த பிரதிகள். நான்கு முழுமையாகப் படித்தன. ஐந்தாவது, வேறு கணினியில் போட்டபோது பாதி வரை படித்தது. எங்கள் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் மூவரை உடன் வைத்துக்கொண்டு 768×576-க்கு மாற்றினோம். விகிதக் கணக்கை அவர்களே போட்டார்கள்.

நான்கில் ஒன்று ஒளியியல் பாடம். அதைப் பத்தாம் வகுப்பில் போட்ட அன்று, கேள்வி கேட்ட அதே மாணவியைப் பலகையில் உள்ளதை வாசிக்கச் சொன்னேன். தலைப்பிலிருந்து கடைசி வரி வரை வாசித்தாள். வாசித்துவிட்டு, "மிஸ், சார் ஒரு அம்புக்குறி போட மறந்துட்டாரு" என்றாள். திரும்பிப் பார்த்தேன், உண்மைதான். சாருக்கு அது தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

மற்ற பதின்மூன்று பாடங்கள் இன்னும் 320×240 ஆகவே இருக்கின்றன, ஐந்தாம் வட்டின் பிற்பாதியும் அப்படியே. அவற்றையும் அழிக்கவில்லை. சாரின் குரலாவது தெளிவாகக் கேட்கிறது.

உங்கள் பள்ளி பீரோவை இந்த வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். டிவிடி படிக்கும் கணினி பள்ளியில் ஒன்றாவது இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. அளவைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில், இன்று கையில் உள்ள திரையோடு நாளை வகுப்பறைக்கு வரப்போகும் திரையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.